மாணவர் விசாவில் ஆங்கில வாத்தியார் வேலை: எதற்குப் பயப்பட வேண்டும்?

வெளிநாட்டுக்குப் படிக்க வரும் நம்மூர் மாணவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஞானோதயம் வந்துவிடும். ஊரில் உட்கார்ந்து போட்ட பட்ஜெட்டுக்கும் இங்கே பர்ஸிலிருந்து போகும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் அது. ஜப்பானில் இந்த ஞானம் இன்னும் சீக்கிரமாகவே வரும். வாடகைக்கு வீடு பிடிக்கும்போது முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'நன்றிப் பணம்', தரகர் கூலி, உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் என்று நாலைந்து மாத வாடகை ஒரே நாளில் காலியாகிவிடும்.

அப்போதுதான் யாராவது ஒரு சீனியர் சொல்வார்: "உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே, சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கலாமே!"

சீனியர் சொல்வது நல்ல யோசனைதான். ஆனால் இந்த வேலையைத் தேடும் நம் பிள்ளைகளிடம் ஒரு விசித்திரத்தைப் பார்க்கிறேன். பயப்படத் தேவையில்லாத விஷயத்துக்குப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய விஷயத்தில் அசட்டையாக இருக்கிறார்கள். தங்கள் உச்சரிப்பை நினைத்து நடுங்குகிறவர்கள், கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. இது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வேலை இருக்கிறதா?

இருக்கிறது. ஜப்பானில் 2020 முதல் தொடக்கப் பள்ளி 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. 3, 4-ஆம் வகுப்புகளிலேயே ஆட்டம் பாட்டம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் பெற்றோருக்குக் கவலையும் சீக்கிரமே ஆரம்பித்துவிடுகிறது. 'எய்கைவா' என்று சொல்லப்படும் ஆங்கில உரையாடல் பள்ளிகள் ரயில் நிலையங்களைச் சுற்றி நிறைய உண்டு. 'ஜுக்கு' எனப்படும் டியூஷன் சென்டர்கள் தனி.

குறுகிய கால வேலை வேண்டுமென்றால் இரண்டு பருவங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை நீளும் பள்ளிக் கோடை விடுமுறை. குழந்தைகளுக்கான ஆங்கில முகாம்களுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் ஆள் எடுப்பார்கள். இரண்டாவது, எய்கென் தேர்வுக் காலம். 1963-இல் தொடங்கிய இந்த ஆங்கிலத் தேர்வு வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. மூன்றாம் நிலையிலிருந்து மேலே உள்ள நிலைகளுக்கு நேர்முகப் பேச்சுத் தேர்வும் உண்டு. அதற்கு முந்தைய சில வாரங்களில், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்கிவிட ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று பெற்றோர் தேடுவார்கள்.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். அடுத்து, நகராட்சியை ஒட்டி இயங்கும் சர்வதேச நட்புறவுச் சங்கங்களின் அறிவிப்புப் பலகை. இணையத்தில் கைஜின்பாட் போன்ற வேலைவாய்ப்புத் தளங்கள் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டு வழிகளில் வருகிறவர்கள் ஓரளவு விசாரிக்கக்கூடிய இடத்தில் இருப்பார்கள்.

'நேட்டிவ்' என்ற பூச்சாண்டி

விளம்பரத்தில் 'நேட்டிவ் ஆசிரியர் தேவை' என்று பார்த்ததும் நம்மவர்கள் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். இந்தப் பாரபட்சம் நிஜம்தான், மறுக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்து, சில சமயம் முகத்தைப் பார்த்தே ஆள் எடுக்கும் இடங்கள் உண்டு. அங்கே போய் நிற்க வேண்டாம். ஆனால் எல்லா வேலையும் அப்படி இல்லை.

நம்மிடம் இருப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் 'வதாஷி வா கக்கோ நி இகிமாசு' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்'. வதாஷி என்றால் நான், கக்கோ என்றால் பள்ளி, நி என்பது நம் 'கு' வேற்றுமை, இகிமாசு என்றால் போகிறேன். வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை! வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'ஏ', 'தி' போன்ற ஆங்கிலச் சமாச்சாரங்கள் அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. நாம் 'பஸ்ஸு', 'காரு' என்று கடைசியில் ஓர் உகரம் சேர்ப்போம், அவர்களும் 'பஸு' என்றுதான் சொல்கிறார்கள். (தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ சொன்னதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அமைப்பு ஒத்திருக்கிறது என்பது மட்டும் இங்கே போதும்.)

இதன் அர்த்தம் என்ன? 'ஐ ஸ்கூல் கோ' என்று ஒரு ஜப்பானியக் குழந்தை சொன்னால், அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று சிகாகோவில் பிறந்து வளர்ந்தவருக்கு யாராவது விளக்க வேண்டும். நமக்கு வேண்டாம். நாமும் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். பிறவியிலேயே ஆங்கிலம் பேசுகிறவருக்கு எது சரி என்று தெரியும். படித்துக் கற்றவருக்கு எது ஏன் தவறாகிறது என்றும் தெரியும். இலக்கணத்துக்கும், எய்கென் பயிற்சிக்கும், பயந்த சுபாவமுள்ள மாணவருக்கும் இரண்டாமவர்தான் உதவுவார்.

நமக்குச் சாதகமான இன்னொரு விஷயமும் உண்டு. 2007 வாக்கில் ஜப்பானில் 'இந்தியக் கணக்கு' மோகம் ஒன்று வந்தது. பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை சொல்லித்தரும் புத்தகங்கள் கடைகளில் குவிந்தன. அதை ஒட்டி டோக்கியோவில் உள்ள இந்தியப் பள்ளிகளில் ஜப்பானியப் பெற்றோரும் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மோகம் அடங்கிவிட்டாலும் இந்தியர் என்றால் கணக்கு என்ற எண்ணம் போகவில்லை. ஆங்கிலத்தில் கணக்கு, ஆங்கிலத்தில் அறிவியல் சோதனை என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்க உச்சரிப்பைப் போலி செய்து நிற்பதைவிட இது மரியாதையான வழி.

மணிக்கு 2,000 யென் என்றால் எவ்வளவு?

இப்போது கணக்குக்கு வருவோம். டோக்கியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2024 அக்டோபரில் மணிக்கு 1,163 யென் ஆனது. 24 மணி நேரக் கடையில் நின்றால் அப்போது குறைந்தது இது கிடைத்தது. ஓர் ஆங்கில வகுப்புக்கு 2,000 யென் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாம் துள்ளிக் குதிக்கிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். வகுப்பு 50 நிமிடம். போக 40 நிமிடம், வர 40 நிமிடம். தயாரிக்க அரை மணி. மொத்தம் 160 நிமிடம். 2,000 யென்னை இதில் வகுத்தால் மணிக்கு 750 யென்தான்! கடையில் பாக்கெட் அடுக்குவதைவிடக் குறைவு. ரயில் டிக்கெட்டும் நம் கையிலிருந்து என்றால் சொல்லவே வேண்டாம்.

இதையே சனிக்கிழமை ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று வகுப்பாக மாற்றினால்? பாடம் 150 நிமிடம், நடுவில் இடைவேளை 20, பயணம் 80, தயாரிப்பு 50. மொத்தம் ஐந்து மணி நேரம், 6,000 யென். இப்போது மணிக்கு 1,200 ஆகிறது. போக்குவரத்துச் செலவையும் அவர்களே கொடுத்தால் (இங்கே பெரும்பாலான பகுதிநேர வேலைகளில் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்) இது நல்ல வேலை. ஆகவே 'ஒரு வகுப்புக்கு எவ்வளவு' என்று கேட்காதீர்கள். 'ஒரு தடவை வந்தால் எத்தனை வகுப்பு' என்று கேளுங்கள்.

உண்மையாகப் பயப்பட வேண்டியது

மாணவர் விசாவில் வந்தவருக்கு ஜப்பானில் வேலை செய்யும் உரிமை தானாக வராது. தனியாக அனுமதி வாங்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் விமான நிலையத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் அந்த அனுமதி இருக்கும். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சவரம்பு. எந்தக் கிழமையிலிருந்து ஏழு நாள் எண்ணினாலும் 28-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம் வரை செய்யலாம். அதனால்தான் கோடை முகாம் வேலை மாணவருக்குப் பொருத்தமானது என்கிறேன்.

பலருக்கும் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பொது அனுமதி, ஒரு முதலாளியிடம் மணிக்கணக்கில் கூலி வாங்கும் வேலைக்கானது. காபிக் கடையில் உட்கார்ந்து சொந்தமாக நடத்தும் தனி வகுப்பு சுயதொழிலாகக் கருதப்படலாம். அதற்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். 'கியோமு இதாகு' என்று தலைப்பிட்ட ஒப்பந்தத்தை ஒரு பள்ளி நீட்டினாலும் இதே சிக்கல்தான். அதில் நீங்கள் ஊழியர் இல்லை, வெளி ஒப்பந்தக்காரர். குறைந்தபட்ச ஊதியம் போன்ற தொழிலாளர் சட்டப் பாதுகாப்பும் கிடைக்காது. ஜப்பானிய எழுத்து புரியவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு தடவை காட்டிவிட்டுப் போடுங்கள்.

சுற்றுலா விசாவில் வந்து, விடுதியில் இலவசமாகத் தங்கிக்கொண்டு பதிலுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. கையில் காசு வாங்கவில்லையே என்பார்கள். தங்குமிடமும் கூலிதான்.

"யாருக்குத் தெரியப் போகிறது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விசா நீட்டிக்கும்போதும், படித்து முடித்து வேலை விசாவுக்கு மாறும்போதும் வரிச் சான்றிதழ் கேட்கப்படலாம். 28 மணி நேரத்தில் சம்பாதிக்க முடியாத தொகை அதில் இருந்தால் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, காகிதமே பேசும். ஊரில் அப்பா வாங்கிய கல்விக் கடனும் இரண்டு வருடப் படிப்பும் சில ஆயிரம் யென்னுக்காகப் போய்விடக் கூடாது.

ஒரே கிளையில் தொங்காதீர்கள்

ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கில உரையாடல் பள்ளியாக இருந்த நோவா 2007 அக்டோபரில் திவாலாகி நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் வராமல் நின்றார்கள். முன்கூட்டியே கட்டணம் கட்டிய மாணவர்களும் தவித்தார்கள். இணையவழிப் பாடத்தின் கதையும் இதுதான். 2021 ஜூலையில் சீன அரசு டியூஷன் தொழிலுக்குக் கடிவாளம் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பாடம் நடத்துவதைத் தடுத்தபோது, அதை நம்பியிருந்தவர்களின் வருமானம் சில மாதங்களில் கரைந்தது.

ஆகவே இந்தப் பணத்தில் வாடகையைக் கட்டத் திட்டமிடாதீர்கள். காய்கறிக்கும் புத்தகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத் தேதி ஒரு தடவை தள்ளிப்போனால் விசாரியுங்கள், இரண்டாம் தடவையும் தள்ளிப்போனால் விலகிவிடுங்கள். 'பயிற்சிக் காலம், சம்பளம் இல்லை' என்று சொல்லும் இடத்திலும் எச்சரிக்கை தேவை. நீங்கள் ஊழியராக இருந்தால், முதலாளி கட்டாயப்படுத்தும் பயிற்சியும் வேலை நேரம்தான்.

எதிர்க் கட்சிக்கும் ஒரு நியாயம்

ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தால் நீங்கள் ஆங்கிலத்திலேயே இருப்பீர்கள். 24 மணி நேரக் கடையில் நின்றால் ஆறு மாதத்தில் மரியாதை ஜப்பானியம் வாயில் தானாக வரும். படித்து முடித்து இங்கேயே வேலை தேட நினைப்பவருக்கு அந்த மொழிதான் சோறு போடும் என்பார்கள். இது சரியான வாதம். அப்படிப்பட்டவர்கள் கடை வேலையை முதலாவதாகவும் ஆங்கில வகுப்பைச் சனிக்கிழமைக்கும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டு வருடத்தில் ஊர் திரும்பப் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

கடைசியாக ஒன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நம் பட்ஜெட் கஷ்டம் தெரியாது. அதன் அம்மா பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசாகவும் அது இருக்கலாம். 'ஆங்கிலம் தெரியும், சும்மா பேசிவிட்டு வரலாம்' என்று போவது அந்தக் காசுக்குச் செய்யும் துரோகம். நம் ஊரில் மாடிப்படியில் உட்கார வைத்து டியூஷன் எடுத்த எத்தனையோ வாத்தியார்கள் நேட்டிவ் இல்லை, சான்றிதழ் வைத்திருக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் பாடத்தை முந்தின இரவு படித்துவிட்டு வந்தார்கள். அந்த அரை மணித் தயாரிப்பு இருந்தால் எந்த நாட்டிலும் தைரியமாகச் சாக்பீஸைக் கையில் எடுக்கலாம். உச்சரிப்பைப் பற்றி யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், "நானும் கற்றுக்கொண்டுதான் பேசுகிறேன்" என்று :-)