தட்டில் இல்லாததும் அடுக்களையில் இருப்பவரும்

கியோட்டோவின் மேற்கு ஓரத்தில், அராஷியாமா மலைப்பகுதியில் அமைந்துள்ள தென்ரியூஜி, 1339இல் நிறுவப்பட்ட ஜென் பௌத்தக் கோயில். அதன் முதல் தலைமைத் துறவியான முசோ சொசெகி அமைத்த குளத்தோட்டம் இன்றும் காணக் கிடைக்கிறது. கட்டடங்கள் பலமுறை தீக்கிரையாகி மீண்டும் எழுந்தவை. தோட்டமோ தன் பழைய அமைப்பைப் பெரிதும் இழக்காமல் நிற்கிறது. குளக்கரைப் பாறைகளுக்கு அப்பால் தெரியும் மலைகளும் தோட்டத்தின் பகுதியாகவே தோன்றுகின்றன. அதைச் சுற்றிப் பார்த்தவர்கள் வளாகத்திலேயே உள்ள உணவகத்தில் மதிய உணவு அருந்தலாம்.

செந்நிற அரக்குப் பூசிய தட்டில் சிறு சிறு கிண்ணங்களாக வரும் அவ்வுணவின் பெயர் சோஜின் ரியோரி. இறைச்சி இல்லை, மீன் இல்லை, ஜப்பானியச் சமையலில் எங்கும் கலந்திருக்கும் மீன்சாறுகூட இல்லை. கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த ஷீட்டகே காளானும் அதற்கு ஈடாகச் சுவை தருகின்றன. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவுடன் கிளறி உறையவைத்த எள் தோஃபு இச்சமையலின் தனிச்சிறப்பு. வெங்காயமும் பூண்டும் விலக்கப்படுகின்றன. இவ்விடத்தில்தான் இந்தியப் பயணி மகிழ்ந்துபோகிறார். ‘நம் ஊர்ச் சுத்த சைவம் இங்கும் இருக்கிறதே’ என்று அவர் கொள்ளும் பெருமிதம் ஆராயத்தக்கது.

பௌத்தம் புலால் மறுப்புடன் பிறந்துவிடவில்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைப் பிச்சையாக ஏற்கப் பாலி விநயம் துறவியரை அனுமதிக்கிறது. புலாலை முற்றிலும் விலக்கவேண்டும் என்று தேவதத்தன் கோரியபோது புத்தர் அதைக் கட்டாயமாக்க மறுத்தார் என்பதும் அம்மரபின் பதிவே. மகாயான நூல்களின் கருணைக் கோட்பாடும், ஆறாம் நூற்றாண்டுச் சீனத்தில் லியாங் பேரரசர் வூ துறவியர்க்கு விதித்த தடையும் கிழக்காசிய மடங்களில் மரக்கறி உணவு நிலைபெறப் பெரிதும் காரணமாயின. பிறப்பால் வரும் தூய்மைக்கு அந்தக் கோட்பாட்டில் இடமில்லை.

அவ்வுணவின் உட்பொருளை அறிய, ஜென்னின் மற்றொரு கிளையைச் சேர்ந்த தோகன் 1237இல் எழுதிய ‘தென்சோ கியோகுன்’ உதவும். மடத்தின் சமையற்பொறுப்பாளருக்கான அறிவுரை நூல் அது. சீனம் சென்றிருந்த இளம் தோகன், காளான் வாங்கக் கப்பலுக்கு வந்த முதிய துறவி ஒருவரைத் தங்கிப் பேசுமாறு வேண்டினார். மறுநாள் சமையல் தம் பொறுப்பு என்று கூறி அவர் திரும்பிவிட்டார். தியானத்தை விட்டு இந்த வயதில் அடுக்களை வேலை எதற்கு என்று வியந்த தோகன், அவ்வேலையே பயிற்சி என்பதைப் பின்னர் உணர்ந்தார். அம்மரபில் சமையற்பொறுப்பு மடத்தின் ஆறு நிர்வாகப் பதவிகளுள் ஒன்று.

ஆயினும் ஜப்பானை இலட்சியமாக்குவது பிழை. கொலை பாவம், சாவு தீட்டு என்ற எண்ணங்கள் வேரூன்றிய அந்நாட்டில், விலங்கறுப்போரும் தோல் பதனிடுவோரும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைக்கப்பட்டனர். 1871இல் அவர்களது தாழ்நிலை சட்டப்படி நீக்கப்பட்டது. ஆனால், புராகுமின் எனப்படும் அவர்தம் வழித்தோன்றல்கள் திருமணத்திலும் வேலையிலும் அதன் பின்னரும் பாகுபாட்டை எதிர்கொண்டனர். உணவு நெறி மனிதரை அளக்கும் கோலாகும்போது என்ன நேரும் என்பதற்கு இந்தியர்க்கு அயல்நாட்டுச் சான்று தேவையில்லை. வாடகை வீட்டு வாசலில் ‘நீங்கள் சைவமா?’ என்று கேட்கும் குரல் உண்மையில் எதை அறிய விரும்புகிறது என்பதைக் கேட்பவரும் அறிவார், கேட்கப்படுபவரும் அறிவார்.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி பசித்தோர் அனைவர்க்கும் சோறளித்தது; சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. தமிழ்ப் பௌத்தம் உணவை எண்ணிய வகை அது. தென்ரியூஜியின் தட்டும் அத்தகைய கேள்விகளையே எழுப்புகிறது. இக்காயை நறுக்கிய கைக்கு என்ன மதிப்பு? இப்பந்தியில் யாருக்கு இடமில்லை? தன் விடுதி அடுக்களையில் இவற்றைக் கேட்கத் துணியும் பல்கலைக்கழகம், தோட்டத்தைப் படமெடுத்துத் திரும்பும் பயணியைவிடப் பௌத்தத்துக்கு அருகில் இருக்கும்.