கைத்தடி சுமக்கும் சரித்திரம்

பழைய நாணயங்களைச் சேர்ப்போரும் தபால் முத்திரைகளைச் சேர்ப்போரும் நமது ஊர்களிலே பலர் உளர். கைத்தடி சேர்க்கும் ஒருவரை நேயர்கள் கண்டதுண்டா? சென்ற மாதம் ஸ்பிரிங்வெளியில் ஒரு சுபகாரியத்துக்குச் சென்றிருந்தபோது அத்தகைய அன்பர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பதுளையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஒருபுறம் தேயிலை, மறுபுறம் பள்ளம். அண்ணாந்தால் நமுனுகுல மலையின் சிகரங்கள். அந்த மலையடிவாரத்திலே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் பதினொரு கைத்தடிகளை வரிசையாகக் கிடத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய சீட்டு ஒன்று தொங்குகிறது. விருந்துக்குச் சென்ற யாம், பந்தி முடிந்த பின்னர் மாலை வரையில் அந்தச் சீட்டுகளையே வாசித்துக் கொண்டிருந்தோம்.

தமிழிலே கோல் என்ற சொல்லுக்கு உள்ள பெருமை சிறிதன்று. அரசன் கையில் அது செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். புலவன் கையில் எழுதுகோல். தளர்ந்தவர் கையில் ஊன்றுகோல். பழனியாண்டவர் கையிலும் தண்டம் உண்டு. காந்தியடிகள் 1930இல் உப்பெடுக்கத் தண்டிக் கடற்கரைக்கு நடந்தார் என்றதும் நம் கண்முன் முதலில் வந்து நிற்பது அவர் கையிலிருந்த நீண்ட கோல் அல்லவா? மனிதன் கையோடு ஒட்டிப் பழகிய பொருள்களில் கைத்தடியைப் போல அவனுடன் நெடுந்தூரம் நடந்தது வேறொன்றில்லை.

ஆதலால், மறக்கக்கூடாத செய்தியைக் கைத்தடியிலே செதுக்கி வைக்கும் வழக்கம் உலகெங்கும் தோன்றியது. எகிப்திய இளமன்னன் துட்டன்காமனின் கல்லறை 1922இல் கண்டுபிடிக்கப்பட்டபோது அதனுள் நூற்றுக்கு மேற்பட்ட கோல்கள் இருந்தன. அவற்றுட் சிலவற்றின் வளைந்த முனையிலே பகைநாட்டுக் கைதிகளின் உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. மன்னன் கோலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் தான் அடக்கியவர்களைத் தன் பிடிக்குள் வைத்திருப்பதாகப் பொருள். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் தமது உயிலிலே, காட்டு ஆப்பிள் மரத்தாலான தம் கைத்தடியைத் தமது நண்பர் ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு எழுதி வைத்தார். அதன் பொன் தலைப்பு சுதந்திரக் குல்லாய் வடிவிலே செய்யப்பட்டது. ஒரு நாட்டின் விடுதலை வரலாறு ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருப்பதை இன்றும் அந்நாட்டு அரும்பொருட்சாலையில் காணலாம்.

நம் நாட்டுக்கும் இக்கலையிலே தனிச் சிறப்பு உண்டு. மாத்தளைப் பகுதியின் ஹபுவித கிராமத்துக் கைவினைஞர்கள் அரக்கைச் சூட்டிலே இளக்கி, மெல்லிய இழையாக இழுத்துக் கோலின்மேல் ஒட்டி, கட்டைவிரல் நகத்தாலேயே நறுக்கிக் கோலம் போடுவர். உளியும் இல்லை, தூரிகையும் இல்லை; நகமே கருவி. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் அத்தகைய கைத்தடி ஒன்று நமது ஆசிரியரிடம் உண்டு.

ஆயினும், சரித்திரம் எழுதிய கைத்தடிகள் என்றால் ஊவா மாகாணத்தவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையிலுள்ள தியத்தலாவையை எல்லோரும் அறிவர். இராணுவக் கல்லூரி இருக்கும் அந்தப் புல்வெளிகளிலே, 1900ஆம் ஆண்டில் தகரக் கொட்டில்களும் முட்கம்பி வேலியுமாக ஒரு புதிய ஊர் எழுந்தது. தென்னாபிரிக்காவிலே பிரிட்டிஷாருக்கும் போயர் மக்களுக்கும் 1899 அக்டோபரில் மூண்ட யுத்தத்தில் பிடிபட்டவர்களைக் கடல் கடத்தி வைக்க அரசாங்கம் தேர்ந்தெடுத்த இடங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டு ஆகஸ்டிலே முதலாவது கூட்டம் கொழும்பில் வந்து இறங்கியது. மலைநாட்டு ரயில் அப்போது பண்டாரவளை வரையில் வந்துவிட்டது. பதுளையை அது எட்டியது 1924இலேதான். இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் குடியானவர்கள். மாட்டையும் மண்ணையும் அறிந்தவர்கள். நரைத்த கிழவர்களும் மீசை அரும்பாத சிறுவர்களும் அவர்களிடையே இருந்தனர்.

உழவனுக்கு நிலமில்லாமல் போனால் கை சும்மா இருக்குமா? கிடைத்த கத்தியைத் தீட்டி, கிடைத்த மரத்தையும் எலும்பையும் கொம்பையும் எடுத்துச் செதுக்கத் தொடங்கினர். புகைக் குழாய்கள், பெட்டிகள், படச் சட்டங்கள், அவற்றோடு கைத்தடிகள். கோலைச் சுற்றிப் பாம்பு படரும். தம் இரு குடியரசுகளான டிரான்ஸ்வாலின் சின்னமும் ஒரேஞ்சு சுதந்திர நாட்டின் சின்னமும் இருக்கும். கீழே ‘தியத்தலாவை’ என்ற பெயரும் ஆண்டும் இருக்கும். எகிப்திலே கைதியின் உருவத்தை மன்னனின் கோலில் செதுக்கினார்கள். தியத்தலாவையிலோ கைதியே தன் கோலைத் தானே செதுக்கிக்கொண்டான். நாடு போயிற்று, வீடு போயிற்று, ஆனால் என் பெயர் இது, நான் இருந்த இடம் இது என்று அந்த மரம் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1902 மே 31ஆந் திகதி பிரிட்டோரியாவிலே சமாதானம் கையெழுத்தாகியது. கைதிகள் ஊர் திரும்பியபோது அவர்கள் செதுக்கியவையும் கப்பலேறின. புளூம்பொன்டீன் நகரத்து யுத்த அரும்பொருட்சாலையிலே கைதிகளின் கைவேலைகளை இன்றும் காத்து வருகின்றனர். திரும்ப முடியாமல் தியத்தலாவை மண்ணிலேயே உறங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு அங்கே நினைவுத் தூண் நிற்கிறது.

நமது ஆசிரியரிடம் தியத்தலாவைக் கைத்தடி இல்லை. அதன் புகைப்படம் ஒன்றைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார். "இரண்டு வருடங்கள்கூட இங்கே இருக்காதவர்கள் பெயரைப் பொறித்துவிட்டுப் போனார்கள். இரண்டு நூற்றாண்டாக இங்கே இருக்கிற நாங்கள் எதில் பொறித்தோம்?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. அவர் எழுந்து போய் வரிசையிலே கடைசியாகக் கிடந்த தடியை எடுத்து வந்தார்.

கருங்காலிக் கோல், வெள்ளிக் குமிழ், அடியிலே தேய்ந்த பித்தளைப் பூண். பெரிய கங்காணி ஒருவரின் கைத்தடி அது. கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப் பூண் தடியுமாகப் பிரட்டுக்களத்திலே நின்ற பெரிய கங்காணிமாரை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவரும் அவரே. அவர்களின் கடனைக் கணக்கில் வைத்திருந்தவரும் அவரே. கடன் தொகையை எழுதிய ஒரு துண்டுக் கடதாசியோடு தொழிலாளரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. ஆனால் தடியை எந்தச் சட்டமும் உடனே ஒழிக்கவில்லை.

அந்தக் கங்காணியின் பேரன் நமது ஆசிரியருடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30ஆந் திகதி கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை அளிப்பதென்றும் இரு அரசுகளும் கணக்குப் போட்டன. அந்தக் கணக்கிலே கங்காணியின் குடும்பமும் கூலியின் குடும்பமும் ஒன்றாயின. 1972இல் பேரனின் வீட்டார் தலைமன்னாருக்குப் புறப்பட்ட நாளிலே, பெட்டிக்குள் அடங்காத அந்தத் தடியை நண்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனானாம் பேரன். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது பெரிய பொக்கிஷமாகத் தோன்றியது. ஓடிப்போய்த் தாயிடம் காட்டினார்.

அந்தத் தாயார் இன்றும் இருக்கிறார், எண்பத்தேழு வயது. எம் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் அமர்ந்திருந்தவர், "அதை உள்ளே வை, தம்பி. அது எங்கப்பன் முதுகை அறிஞ்ச கம்பு" என்றார். பேரட்டுக்குப் பிந்தி வந்த ஒரு காலையிலே தம் தகப்பனார் பட்ட அடியைச் சிறுமியாக நின்று பார்த்தவர் அவர். அடுப்பில் வைக்கச் சொல்லி அன்றே மகனிடம் கேட்டாராம். மகன் மறுத்துவிட்டார். இத்தனை ஆண்டுகளாக ஒரே வீட்டிலே அந்தத் தாயும் அந்தத் தடியும் இருந்து வருகின்றனர்.

இருவரில் யார் பக்கம் நியாயம்? யாம் வெகுநேரம் யோசித்தோம். வெள்ளிக் குமிழின் அழகுக்காக மட்டும் அதை வைத்திருந்தால் தாயார் சொன்னதே சரி. ஆனால் அதன் கழுத்திலுள்ள சீட்டை வாசித்தபோது எம் மனம் மாறியது. ஒரு பக்கத்தில் கங்காணியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் தடி கைமாறிய ஆண்டும். மறுபக்கத்தில் அடிபட்டவரின் பெயரும் அவர் மகள் கண்ட காட்சியும். எரித்திருந்தால் அடித்த கையோடு அடிபட்ட முதுகும் சேர்ந்தே மறந்துபோயிருக்கும். ஊரைவிட்டு அழைத்து வந்ததும் அந்தத் தடி. ஊருக்குத் திரும்பும்போது கைவிடப்பட்டதும் அந்தத் தடி. ஒரு சமூகத்தின் கதை முழுவதும் அதில் இருக்கிறது.

இந்த வழியிலே இறங்க விரும்பும் வாசகர்களுக்கு ஆசிரியர் சொன்ன சில யோசனைகள்: பழைய தடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது மெருகு பூசாதீர்கள்; கைபட்டு வந்த கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி. உலர்ந்த துணியால் துடைத்து, ஆண்டுக்கொரு முறை சிறிது தேன்மெழுகு தடவினால் போதும். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும், கிடத்தி வையுங்கள். மலைநாட்டு ஈரத்துக்குப் பூஞ்சணமும் கறையானும் வரும். மாதமொரு முறை எடுத்துப் பாருங்கள். யானைத் தந்தப் பிடியுள்ளதை வாங்காதீர்கள்; அது சட்டத்துக்கும் விரோதம், சீவகாருண்யத்துக்கும் விரோதம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும்போதே அதன் கதையைக் கேட்டு அன்றே எழுதிக் கட்டிவிடுங்கள். பெயரற்ற தடி வெறும் மரமே.

விடைபெறும் நேரத்திலே ஆசிரியர் இன்னொன்றைக் காட்டினார். வெள்ளிக் குமிழ்த் தடிக்குப் பக்கத்திலே விரலளவு பருமனான நேரான குச்சி ஒன்று, பூணுமில்லை, சித்திரமுமில்லை. கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கும் கம்பு. வேலை செய்த காலத்திலே தாயார் அப்படி எத்தனையோ கம்புகளை வெட்டி எடுத்து, ஒடிந்ததும் எறிந்திருக்கிறார். ஒன்றும் மிஞ்சவில்லை. ஆதலால் மகன் கேட்டுக்கொண்டபடி, சென்ற ஆண்டு தம் கையாலேயே ஒன்றை வெட்டிக் கொடுத்தாராம். சீட்டிலே அவர் பெயரும், கொழுந்து பறித்த மலையின் இலக்கமும், வேலைக்குச் சேர்ந்த ஆண்டும், ஓய்வு பெற்ற ஆண்டும் மகனின் அழகிய கையெழுத்தில் இருந்தன.

"இதையும் பார்க்க வாறாங்களா, தம்பி?" என்று தாயார் எம்மைக் கேட்டார், கேட்கும்போது சிரித்தார்.

நேயர்களே, உங்கள் வீட்டு மூலையிலும் பாட்டனாரின் தடி ஒன்று கிடக்கலாம். அதை அறிந்த ஒருவர் வீட்டில் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேளுங்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, பேனாவும் ஒரு துண்டுக் கடதாசியும் போதும்.