எடை மேல் பழி போடாதீர்கள்

அமெரிக்காவில் பைக் ஓட்டுபவர்களுக்கு ஒரு தீராத எரிச்சல் உண்டு. நடுராத்திரி, ஆளரவம் இல்லாத சந்திப்பு, மாறவே மாறாத சிவப்பு விளக்கு. காரணம் கேட்டால், "பைக்குக்கு எடை போதாது, கார் வந்து அழுத்தினால்தான் சிக்னல் மாறும்" என்பார்கள். பல காலமாக உலவும் கதை இது. முழுக்கத் தப்பு.

விநாடி எண்ணிக்கை ஓடும் சிக்னல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விநோதமாகத் தெரியலாம். அங்கே பல கிளைச்சாலைகளில், வண்டி வந்து நிற்பதைக் கருவி உணர்ந்தால்தான் பச்சை விழும். அந்தக் கருவி எடைமேடை அல்ல. தார்ச்சாலையை ரம்பத்தால் கீறி, கம்பியைச் சில சுற்றுகள் பதித்து, மேலே பூசி மூடியிருக்கிறார்கள். கம்பியில் மாறுமின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் கடத்தும் உலோகம் மேலே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுருளின் தூண்டல் குறையும், அலைவெண் கூடும். ஓரத்துப் பெட்டியிலுள்ள கருவி இதைக் கண்டு, வண்டி நிற்கிறது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். கனத்துக்கு இதில் வேலையே இல்லை. 10 கிலோ சைக்கிளின் அலுமினிய ரிம் கம்பிக்கு நேர் மேலே நின்றால் பச்சை விழலாம். 350 கிலோவைத் தாண்டும் ஹார்லி-டேவிட்சன் சுருளின் நட்டநடுவில் நின்றால் கண்டுகொள்ளப்படாமலே போகலாம்.

பைக்கின் அடியில் காந்தம் ஒட்டினால் சிக்னல் மாறும் என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சும்மா ஒட்டியிருக்கும் காந்தத்தால் அந்தத் தூண்டலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் வராது. போனது காசு மட்டும்தான்.

இது வெறும் அறியாமையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எடைக் கதை குற்றத்தை வண்டியின் தலையில் கட்டுகிறது. பைக் இலேசானது, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று சாலைத் துறையும் கையை விரிக்கலாம். உண்மையில் கருவியின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்க வசதி உண்டு. அளவுக்கு மீறிக் கூட்டினால் பக்கத்துத் தடத்துக் காரையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்பது நிஜம்தான். அதற்கும் வழி இருக்கிறது: கம்பியை எட்டு வடிவில் சுற்றினால் பக்கத்துத் தடத்தின் தொல்லை வெகுவாகக் குறையும்.

இதையெல்லாம் செய்வதற்குப் பதிலாக மாநிலங்கள் சட்டம் போட்டன. 2002இல் மினசோட்டா தொடங்கி வைத்தது. பிறகு ஒவ்வொன்றாக வரிசையில் சேர்ந்தன. உணராத சிக்னலில் நின்று பார்த்து, வழி காலியாக இருந்தால் சிவப்பிலேயே கடக்கலாம். 'டெட் ரெட்' சட்டங்கள் என்று பெயர். பைக் ஓட்டுபவர்கள் இதை வெற்றி என்று கொண்டாடுகிறார்கள்.

என்ன வெற்றி? மினசோட்டாவில் இது உரிமைகூட அல்ல, நீதிமன்றத்தில் முன்வைக்கக்கூடிய எதிர்வாதம். போலீஸ்காரர் அபராதச் சீட்டு கிழிக்கலாம். நின்றதையும் காத்திருந்ததையும் ஓட்டியவரே நிரூபிக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது? விஸ்கான்சினில் 45 விநாடி, யூட்டாவில் 90, வர்ஜீனியாவில் இரண்டு முழுச் சுற்று அல்லது 120 விநாடி. மாநில எல்லை தாண்டுகிறவர் ஒரு குறிப்பேடும் எடுத்துப்போக வேண்டியதுதான்! இலினாய் சட்டமோ சிகாகோ நகரத்துக்கு விலக்கு அளித்தே வந்தது. எல்லாவற்றையும் விட மோசம், சிக்னல் பழுதா அல்லது சுற்றுதான் நீளமா என்று இருட்டில் தீர்மானிக்கும் பொறுப்பு, காரின் கூடு கூட இல்லாத மனிதர் மேல் விழுகிறது. குறுக்கே வரும் கார் மோதினால் இந்தச் சட்டம் அவரைத் தாங்கிப் பிடிக்காது.

கலிபோர்னியா வேறு பாதையில் போனது. அங்கே 2007இல் நிறைவேறி 2008இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, புதிதாக வைக்கும் அல்லது மாற்றும் உணர்கருவி சைக்கிளையும் பைக்கையும் உணர்ந்தாக வேண்டும். பழைய கருவிகள் மாற்றப்படும் வரை அப்படியே கிடக்கும் என்பது அதன் குறை. ஆனாலும் பழுது எங்கே இருக்கிறதோ அங்கே கை வைத்த சட்டம் அது.

பைக் ஓட்டுவோர் சங்கங்கள் இனிமேலாவது சிவப்பைத் தாண்ட அனுமதி கேட்டு மனுப் போடுவதை விட்டுவிட்டு, கலிபோர்னியாவைப் போன்ற சட்டத்தைக் கேட்கட்டும். ஓட்டுகிறவர்கள் சாலையில் ரம்பம் கீறிய கோடு தெரிந்தால் அதன் மேலேயே சக்கரத்தை நிறுத்தட்டும். அப்படியும் விளக்கு மாறாவிட்டால், மறுநாள் காலையில் சாலைத் துறைக்கு அந்தச் சந்திப்பின் பெயரைச் சொல்லிப் புகார் செய்யட்டும்.