விடுதலை கோர்ட் போட்ட பிச்சையா?

அமெரிக்காவில் அடிமைத்தனம் எப்படி ஒழிந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டால், படித்த கனவான்கள் சிலர் உடனே ஒரு பதிலை எடுத்து நீட்டுவார்கள். "அங்கே நடந்தது சட்டத்தின் ஆட்சி! அடிமைகூடத் தன் எஜமானன்மீது வழக்குப் போட முடிந்தது. நீதிபதிகள் நியாயம் வழங்கினார்கள். கூச்சல் வேண்டாம், கலகம் வேண்டாம், பொறுமையாக மனுப் போட்டால் நீதி கிடைக்கும்" என்பார்கள்.

கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது!

அடிமைகள் வழக்குப் போட்டது உண்மை. ஒருவர் இருவர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள் போட்டார்கள். பலர் ஜெயித்ததும் உண்மை. ஆனால் கனவான்கள் பாதிக் கதையோடு நிறுத்திக் கொள்கிறார்கள். அடிமை ஜெயித்த பிறகு எஜமானர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அந்த மீதிக் கதையை நாம் சொல்லுவோம்.

ஜெயித்தது ஒருவர், மாறியது சட்டம்

வர்ஜீனியா அப்போது ஆங்கிலேயர்களின் குடியேற்ற நாடு. புகையிலைப் பண்ணைகள்தான் அதன் உயிர்நாடி. அங்கே எலிசபெத் கீ என்ற பெண் இருந்தார். தகப்பன் வெள்ளையன், சட்டசபை உறுப்பினன். தாய் ஆப்பிரிக்க அடிமைப் பெண். குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்த பிறகு விடுதலை என்பதுதான் எலிசபெத் சம்பந்தமாகச் செய்யப்பட்ட ஏற்பாடு. கெடு முடிந்தது, விடுதலை வரவில்லை. 1655-ல் எஜமானன் செத்தான். அவனுடைய சொத்துக் கணக்கில், மாட்டோடும் பாத்திரத்தோடும் சேர்த்து எலிசபெத்தையும் எழுதிக் கொண்டார்கள்.

எலிசபெத் கோர்ட்டுக்குப் போனார். "என் தகப்பன் ஆங்கிலேயப் பிரஜை. ஆங்கிலேயச் சட்டப்படி பிள்ளை தகப்பன் வழியைச் சேரும். நான் ஞானஸ்நானம் பெற்றவள். என்னை எப்படி அடிமை என்கிறீர்கள்?" இதுதான் அவருடைய வாதம். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார். மேல் கோர்ட்டில் தோற்றார். சட்டசபை வரை வழக்கை இழுத்துச் சென்று 1656-ல் விடுதலையும் பெற்றார்.

இதுவரை கனவான்களின் கதை. இனி நம் கதை.

ஆறே ஆண்டுகளில், 1662-ல், வர்ஜீனியா சட்டசபை ஒரு சட்டம் போட்டது: பிள்ளை இனித் தாயின் வழியைச் சேரும்! தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. 1667-ல் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான்! எலிசபெத் நுழைந்த இரண்டு கதவுகளையும் ஆணி அடித்து மூடிவிட்டார்கள். அதுமட்டுமா? அடிமைப் பெண்ணைப் பண்ணை எஜமானன் கெடுத்தால், பிறக்கும் பிள்ளையும் அவனுக்கே சொத்து. செய்த பாவத்துக்குச் சட்டமே வட்டி கட்டிக் கொடுத்தது!

சட்டத்தை எழுதியது யார்? பண்ணை எஜமானர்கள். சட்டசபையில் உட்கார்ந்தது யார்? அதே எஜமானர்கள். நீதிபதி நாற்காலியில்? அங்கும் அவர்களே!

பெட் கேட்ட கேள்வி

கனவான்கள் விடமாட்டார்கள். "மாசசூசெட்ஸ் மாகாணத்தைப் பாருங்கள்!" என்பார்கள். பார்ப்போம்.

அந்த மாகாணத்தில் ஷெபீல்டு என்ற ஊர். ஜான் ஆஷ்லி என்ற செல்வந்தன். அவன் நீதிபதி பதவியும் வகித்தவன். 1773-ல் ஊர்ப் பெரிய மனிதர்கள் அவன் வீட்டில் கூடி, மனிதர் எல்லோரும் சமம், சுதந்திரம் உள்ளவர்கள் என்று ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகத் தீர்மானம் எழுதினார்கள். அதே வீட்டில் அடுப்படி வேலை செய்தவர் பெட் என்ற அடிமைப் பெண். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் காது இருந்ததே!

ஒருநாள் எஜமானி கோபத்தில் ஒரு பெண்ணை அடிக்க, சூடேறிய அடுப்புக் கரண்டியை ஓங்கினாள். பெட் குறுக்கே கையை நீட்டி அந்த அடியைத் தாங்கினார் என்று சொல்கிறார்கள். கையில் விழுந்த வடுவை அவர் மறைக்கவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். 1780-ல் அந்த மாகாணத்துக்கு அரசியல் சட்டம் வந்தது. மனிதர் அனைவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்பது அதன் முதல் விதி. பெட் வக்கீலைத் தேடிப் போனார். அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாதா என்று கேட்டார். அந்த வக்கீல் வேறு யாருமல்ல, ஆஷ்லி வீட்டுத் தீர்மானத்தை எழுதுவதில் பங்கு கொண்ட தியோடர் செட்ஜ்விக்!

1781 ஆகஸ்டில் பெட்டும், பிராம் என்ற அடிமையும் போட்ட வழக்கில் ஜூரிகள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். விடுதலையோடு 30 ஷில்லிங் நஷ்ட ஈடும் கிடைத்தது. அதே மாகாணத்தில் குவாக் வாக்கர் என்ற அடிமையும் ஜெயித்தார். அவரைச் சாட்டைப் பிடியால் அடித்த எஜமானனுக்கு 1783-ல் அபராதம் விழுந்தது. 1790-ல் நடந்த முதல் ஜனத்தொகைக் கணக்கில் அந்த மாகாணத்தில் ஓர் அடிமைகூட இல்லை.

மகத்தான வெற்றி! பெட்டின் துணிவுக்குத் தலை வணங்குவோம். ஆனால் ஒரு கேள்வி. மனிதர் சமம் என்ற வாசகம் மற்ற இடங்களிலும் காகிதத்தில் இருந்தது. வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்திலும் இருந்தது. அங்கே மட்டும் அது ஏன் செல்லவில்லை?

மாசசூசெட்ஸில் அடிமைகள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். அந்த மாகாணத்துச் செல்வந்தர்களின் பெட்டி முக்கியமாக நிரம்பியது கப்பலிலும் வியாபாரத்திலும். அடிமையை விட்டாலும் பெட்டி காலியாகாது. வர்ஜீனியாவில் அடிமையை விட்டால் பண்ணையே இல்லை! அங்கே 1806-ல் ஜாக்கி ரைட் என்ற பெண்ணும் பிள்ளைகளும் வழக்கில் ஜெயித்தார்கள். விடுதலை மனிதனின் பிறப்புரிமை என்று கீழ்க் கோர்ட் நீதிபதி சொன்னார். மேல் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? இவர்கள் தோற்றத்தில் கறுப்பர்கள் அல்ல, ஆகவே விடலாம். ஆனால் பிறப்புரிமை என்ற பேச்சு ஆப்பிரிக்க வம்சத்தாருக்குப் பொருந்தாது! முகம் கறுப்பாக இருந்தால், தான் அடிமை இல்லை என்று அவனே நிரூபிக்க வேண்டும். தோலின் நிறமே எஜமானன் தரப்புச் சாட்சி!

பாட்டி சொன்னது செல்லாது

மேரிலாந்து மாகாணத்தில் குயின் என்ற குடும்பம் இருந்தது. தங்கள் பாட்டி மேரி குயின் சுதந்திரமான பெண், ஆகவே அவள் வம்சம் அடிமை அல்ல என்பது அவர்கள் வாதம். 1794-ல் எட்வர்ட் குயின் ஒரு பாதிரியார்மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். பின்னால் அந்த வம்சத்தில் பலர் வழக்குக்கு வந்தார்கள்.

பத்திரமா இருக்கிறது அடிமையின் கையில்? பட்டாவா, ரிஜிஸ்டரா? ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட பேச்சுதான் அவர்களுடைய சாட்சியம். மேரிலாந்துக் கோர்ட்டுகள் வெகுகாலம் அதை ஏற்றன. மைமா குயின் என்ற பெண் போட்ட வழக்கு 1813-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. பிரதம நீதிபதி ஜான் மார்ஷல், தாமும் அடிமைகளை வைத்திருந்தவர். பிறர் சொல்லக் கேட்ட பேச்சு சாட்சியமாகாது என்று தீர்ப்பளித்தார். கேப்ரியல் டுவால் என்ற ஒரே ஒரு நீதிபதிதான் இது அநியாயம் என்று மாறுபட்டார்.

படிக்கக் கூடாது என்று தடுப்பதும் அவர்கள்! காகிதம் எங்கே என்று கேட்பதும் அவர்கள்!

இன்னும் கேளுங்கள். தெற்குக் கரோலினாவின் 1740-ம் ஆண்டுச் சட்டப்படி, விடுதலை வழக்குப் போட்டுத் தோற்ற அடிமைக்குச் சவுக்கடி தரலாம். வர்ஜீனியாவின் 1795-ம் ஆண்டுச் சட்டப்படி, தோற்ற வழக்கில் அடிமைக்கு உதவியவன் 100 டாலர் அபராதம் கட்ட வேண்டும். அடிமை ஒழிப்புச் சங்கத்தில் இருப்பவன் இந்த வழக்குகளில் ஜூரியாக உட்காரக் கூடாது என்று 1798-ல் இன்னொரு விதி. அடிமை வைத்திருப்பவன் உட்காரலாமா? தாராளமாக!

ஒரு தாய் திருப்பி அடித்தாள்

இத்தனை பூட்டுக்கு நடுவிலும் அந்த மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை!

மிஸ்ஸௌரி மாகாணத்தில் செயின்ட் லூயி என்ற ஆற்றங்கரைப் பட்டணம். 1814-க்கும் 1860-க்கும் இடையில் அந்த ஒரு பட்டணத்துக் கோர்ட்டில் மட்டும் ஏறத்தாழ 300 விடுதலை வழக்குகள் பதிவாயின. "நான் சுதந்திரமானவள். இன்னார் என்னை அடித்தார், அடைத்து வைத்தார்" என்று மனுவில் எழுத வேண்டும். அடிமைத்தனம் கூடாத இல்லினாய் மண்ணில் எஜமானன் குடிவைத்தால் விடுதலை உண்டு என்பது அங்கே கோர்ட்டுகள் ஒப்புக்கொண்ட விதி. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை பெற்றார்கள்.

அவர்களில் ஒருவர் பாலி. 1839-ல் வழக்குப் போட்டு, நாலு வருஷம் வாய்தாவுக்கு அலைந்து 1843-ல் ஜெயித்தார். அதோடு நின்றாரா? மகள் லூசிக்காகவும் வழக்குப் போட்டார். அவருடைய வாதத்தைக் கவனியுங்கள்: பிள்ளை தாயின் வழி என்பதுதானே உங்கள் சட்டம்? நான் சட்டப்படி சுதந்திரமானவளாக இருந்தபோது பிறந்தவள் லூசி. அப்படியானால் லூசியும் சுதந்திரமானவள்! 1662-ல் வர்ஜீனியா எஜமானர்கள் தீட்டிய கத்தியின் பிடியை ஒரு தாய் தன் கையில் வாங்கிக் கொண்டார். வழக்கு முடியும்வரை 17 மாதம் லூசியைச் சிறையில் வைத்தார்கள். குற்றம் செய்தவளா? இல்லை, வழக்குப் போட்டவள்! 1844-ல் லூசியும் விடுதலையானார்.

காலம் மாறியது யாருக்கு?

அதே பட்டணத்துக் கோர்ட்டில் 1846-ல் டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் மனுப் போட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள். எஜமானன் ராணுவ டாக்டர். சுதந்திர மண்ணில் பல ஆண்டுகள் அவர்களை வைத்திருந்தவன். பழைய விதிப்படி ஒரே வாய்தாவில் தீர வேண்டிய வழக்கு. 11 ஆண்டுகள் இழுத்தது! வழக்கு நடந்த காலத்தில் அவர்களை ஷெரீப் கூலிக்கு விட்டார். கூலி அவர்கள் கைக்கு வரவில்லை, கோர்ட் பொறுப்பில் முடக்கப்பட்டது.

1850-ல் ஜெயித்தார்கள். 1852-ல் மாகாண மேல் கோர்ட் கவிழ்த்தது. காரணம்? காலம் முன்போல் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்! சட்டம் மாறவில்லை, காலம் மாறிவிட்டதாம்!

யாருக்குக் காலம் மாறியது? பஞ்சு முதலாளிக்கு! 1793-ல் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் யந்திரம் வந்தது. இங்கிலாந்து மில்களும் அமெரிக்க மில்களும் பஞ்சு, பஞ்சு என்று அலறின. 1790-ல் அமெரிக்காவில் அடிமைகள் 7 லட்சம். 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம்! மாசசூசெட்ஸ் மாகாணத்தின் லோவெல் மில்களில் ஓடியதும் அடிமைகள் பறித்த பஞ்சுதான். அந்த மில் பெண்கள் 1834-லும் 1836-லும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் ஊரில் அடிமையை விட்ட செல்வந்தர்கள், தெற்கே அடிமை பறித்த பஞ்சில் லாபம் எண்ணினார்கள்.

1857 மார்ச் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அடிமை மாகாணத்துக்காரர்கள். புதிதாகப் பதவியேற்ற ஜனாதிபதி புக்கானன், முன்கூட்டியே சில நீதிபதிகளோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். ஏழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறு பக்கம். கறுப்பு மக்கள் அமெரிக்கப் பிரஜைகளே அல்ல, வழக்குப் போடவே உரிமை இல்லை என்றார் பிரதம நீதிபதி டேனி. இருநூறு ஆண்டுகளாகத் தட்டிய கதவை உள்ளிருந்தே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்! அந்த ஆண்டு மே மாதம், பழைய எஜமான் வீட்டு வாரிசு ஒருவன் ஸ்காட் குடும்பத்தை விடுதலை செய்தான். டிரெட் ஸ்காட் அந்தச் சுதந்திரக் காற்றை 16 மாதம்கூட முழுதாகச் சுவாசிக்கவில்லை. 1858 செப்டம்பரில் காலமானார்.

அப்படியானால் வழக்கே வேண்டாமா?

ஒரு தோழர் கேட்கக்கூடும்: "கோர்ட் எஜமானன் பக்கம் என்றால், அவர்கள் அங்கே போனதே தவறுதானே?"

தவறு அல்ல! ஒவ்வொரு வழக்கும் ஓர் எஜமானனைக் கூண்டுக்கு இழுத்தது. பதில் சொல்ல வைத்தது. ஒவ்வொரு வெற்றியும் ஓர் உயிரை, ஒரு குடும்பத்தை மீட்டது. தோல்வியும் வீண்போகவில்லை. டிரெட் ஸ்காட் தீர்ப்பு நாடெங்கும் நெருப்பை மூட்டியது. தவறு கோர்ட்டுக்குப் போவதில் இல்லை. கோர்ட்டே போதும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்தான் இருக்கிறது. அடிமைகள் அப்படி உட்காரவில்லை. வழக்கும் போட்டார்கள், பண்ணையை விட்டு ஓடவும் செய்தார்கள், கலகமும் செய்தார்கள்.

1861-ல் யுத்தம் மூண்டது. அடிமைகள் கூட்டம் கூட்டமாகப் பண்ணைகளைக் காலி செய்து வட படையின் முகாம்களுக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 1,80,000 கறுப்பு வீரர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். தென்பஞ்சு நின்றதால் லங்காஷயர் மில் தொழிலாளர்கள் வேலையின்றிப் பட்டினி கிடந்தார்கள். ஆனாலும் 1862 டிசம்பரில் மான்செஸ்டரில் கூடி, அடிமை ஒழிப்பின் பக்கமே நிற்கிறோம் என்று லிங்கனுக்கு எழுதினார்கள். பிறகுதான் 1865-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் முன்னால் வந்து மக்கள் பின்னால் போகவில்லை. மக்கள் முன்னால் போனார்கள். சட்டம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது!

அந்தத் திருத்தத்திலும் ஓர் ஓட்டை வைத்தார்கள்: குற்றத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பு வாங்கலாம்! விடுதலையான மக்களைப் பொய்க் குற்றம் சாட்டிக் கைதிகளாக்கி, மீண்டும் பண்ணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கூலிக்கு விட்டார்கள். கொடுத்த நிலத்தையும் 1865-லேயே பிடுங்கிப் பழைய எஜமானர்களிடம் ஒப்படைத்தார்கள். உழுதவன் வாரக்குடியாகி, கடனில் மூழ்கினான். நிலமில்லாத விடுதலை எவ்வளவு தூரம் போகும் என்பதை விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆகவே கனவான்களே, எலிசபெத்தின் பெயரையும் பெட்டின் பெயரையும் பாலியின் பெயரையும் சொல்லி எங்களுக்குப் பொறுமை உபதேசம் செய்யாதீர்கள். அவர்கள் பொறுமையின் சின்னங்கள் அல்ல. எஜமானனின் சட்டத்தை எஜமானனின் முகத்துக்கு நேரே நீட்டி, "இதற்குப் பதில் சொல்!" என்று கேட்ட போராளிகள்.

அவர்கள் பெற்றது பிச்சை அல்ல. பறித்து எடுத்தது!