பெட்டியில் இல்லாத வாயில்

அறிவியலைத் தமிழில் கூறவியலாது என்னும் பழம்பாட்டு, கணிப்பொறித் துறையில் புதுப்பண்ணிற் பாடப்பெறுகின்றது. பாடுவோரும் பெரும்பாலும் தமிழரே! "சுவிட்சு, ரூட்டர், இன்டர்பேசு என்பன உலகச் சொற்கள், அவற்றைத் தமிழாக்கினால் தொழில் செய்பவன் குழம்புவான்" என்பர். குழம்புகின்றவன் எதனாற் குழம்புகின்றான் என்பதை அண்மையில் நேரிற் கண்டோம்.

ஓர் அலுவலகத்துக் கணிப்பொறிகளை இணைக்கும் சுவிட்சுப் பெட்டிகளைப் பேணுதற்கு ஓர் இளைஞன் வந்திருந்தான். பெருங்கட்டணம் கட்டி ஆங்கிலவழிப் பயிற்சி முடித்தவன். அப்பெட்டிகளை இருந்த இடத்திலிருந்தே ஆளுதற்கெனத் தனியே ஒரு வீலான் அமைத்து, அதற்கு இன்டர்பேசு உண்டாக்கி, எண்முகவரியும் கொடுத்தான். கட்டளைகளில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. ஆயினும் அந்த இன்டர்பேசு உயிர்பெறவில்லை. அரைநாள் முழுதும் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். இறுதியில் நம்மிடம் கேட்டான்: "ஐயா, வீலான் 20 இன்டர்பேசு என்னும் துளை இந்தப் பெட்டியில் எங்கே இருக்கின்றது?"

அத் துளை எங்கும் இல்லை என்பதே செய்தி. பெட்டியின் முகப்பில் 24 துளைகளோ 48 துளைகளோ இருக்கும். அவை கண்ணுக்குத் தெரிவன. ஆனால், ஒரே பெட்டியை எண்களால் பல தெருக்களாகப் பிரிக்கலாம். ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் 1998-இல் வெளியிட்ட 802.1கியூ நெறிமுறைப்படி, தெருவெண்ணுக்கு 12 துகள் இடம் உண்டு. ஆகவே 4096 எண்கள். முதலும் கடையும் விலக்கப்பெற 4094 தெருக்கள். ஒரு தெருவின் செய்தி தானாக மற்றொரு தெருவிற்குள் புகாது. புகவேண்டுமெனில் வாயில் வேண்டும். அவ் வாயில் மாழையால் ஆனதன்று. கட்டளையால் பெட்டியின் உள்ளே படைக்கப்பெறுவது. தெருவிலுள்ள கணிப்பொறிகள் வெளிச்செல்லும் வழியும் அதுவே. பெட்டியைப் பேணுபவன் உள்நுழைந்து அதனை ஆளும் வழியும் அதுவே. அத் தெருவைச் சார்ந்த துளை ஒன்றிலேனும் உயிருள்ள இணைப்பு இருந்தாலன்றிப் பெரும்பாலான பெட்டிகளில் வாயில் திறவாது. இளைஞன் வாயில் கட்டினான். தெருவில் ஒரு வீட்டையும் வைக்கவில்லை! ஒரு துளையை 20-ஆம் தெருவிற்கு ஒதுக்கியவுடன் வாயில் திறந்தது.

இன்டர்பேசு என்னும் சொல் அவனுக்கு எதைக் கற்பித்தது? அதனை ஓர் ஒலியாகவே அவன் நெட்டுருப் போட்டிருந்தான். வீலானை வலைத்தெரு என்றும், அதன் இன்டர்பேசைத் தெருவாயில் என்றும் முதல் நாளே கேட்டிருந்தால் துளையைத் தேடியிருப்பானா?

உலகச் சொல் என்கின்றார்களே, அதையும் பார்ப்போம். இத் தெருவாயிலைச் சிசுகோ நிறுவனம் 'சுவிட்சு வெர்ச்சுவல் இன்டர்பேசு' என்கின்றது. சூனிப்பர் நிறுவனம் முன்னர் 'ரூட்டடு வீலான் இன்டர்பேசு' என்றது. பின்னர் அப் பெயரைக் கைவிட்டு 'ஐ.ஆர்.பி.' என்றது. சீனத்து உவாவே 'வீலானிப்பு' என்று எழுதுகின்றது. பொருள் ஒன்று, பெயரோ நான்கு. சிசுகோவில் வாயிலின் எண்ணே அதன் தெருவைக் காட்டிவிடும். சூனிப்பரிலோ வாயிலைத் தெருவோடு பிணைக்கத் தனிக்கட்டளை வேண்டும். கருத்தறிந்தவன் இவ் வேற்றுமையை ஒரு மாலைப் பொழுதில் கற்பான். ஒலியை மட்டும் அறிந்தவன் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒருமுறை கட்டணம் கட்டுவான்.

கட்டளைகளைத் தமிழில் தட்டச் சொல்கிறோம் அல்லேம். பொறி அறிந்த எழுத்தைப் பொறிக்குக் கொடுக்கட்டும். விளக்கம் மாந்தனுக்கு உரியது, அது அவன் மொழியில் இருக்கட்டும். இருசக்கர உந்தால் நாம் அறிந்த யமகா என்னும் பெயருடைய நிறுவனம் ஒன்று 1995 முதல் ரூட்டர்களையும் செய்து வருகின்றது. அதன் கட்டளைகள் ஆங்கில எழுத்தில்; அவற்றை விளக்கும் கையேடுகளோ சப்பானிய மொழியில். அங்கு எவனும் குழம்பியதாகத் தெரியவில்லை.

நம்மவர்க்கும் ஒரு சொல். 'மெய்நிகர் உள்ளிடப் பிணைய இடைமுகம்' என்று முழநீளச் சொல்லைப் பட்டியலில் எழுதி வைத்துவிட்டுத் தமிழ்த்தொண்டு முடிந்ததென்று இருத்தலாகாது. ஏணிமேல் நின்று கம்பி இழுப்பவன் வாயில் அது நுழையுமா? சுவிட்சுக்குத் தடமாற்றி, ரூட்டருக்கு வழிப்படுத்தி, வலைத்தெரு, தெருவாயில் என நான்கு சொற்களை நாம் அன்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு தெருவின் எண்ணையும் வாயிலின் முகவரியையும் கீழே குறித்து, அப் பெட்டியறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்தோம். அடுத்த கிழமை சென்றபொழுது, அதன் அடியில் அவ் விளைஞனின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "தெரு 30 – வாயில் கட்டியாயிற்று, வீடு இன்னும் வரவில்லை."