கையெழுத்துப் போட்டவருக்கு என்ன தண்டனை?

திருடனுக்குத் தண்டனை உண்டு. அந்தத் திருடனுக்கு ஒவ்வொரு வீட்டுச் சாவியாக எடுத்துக் கொடுத்தவனுக்கு? அமெரிக்காவின் பாஸ்டன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் நடந்ததைப் படிக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வராமல் போகாது.

ஜான் கேகன் என்றொரு பாதிரியார். சுமார் முப்பது வருடம் பாஸ்டன் பகுதியில் பங்கு பங்காக மாற்றப்பட்டவர். சிறுவயதில் அவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார் சொன்னவர்கள் 130 பேருக்கும் மேல். யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. தன் குடும்பத்துச் சிறுவர்கள் ஏழு பேரை இவர் சீரழித்தார் என்று ஒரு பெண்மணி 1982-லேயே அப்போதைய கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். 1984-ல் பெர்னார்ட் லா புதிய பேராயராக வந்தபோது அவருக்கும் எழுதினார்.

பலன்? கேகனை ஒரு பங்கிலிருந்து எடுத்து, வெஸ்டன் என்ற ஊரிலுள்ள புனித ஜூலியா ஆலயத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பீடச்சிறுவர்கள் உட்பட இளையோர் குழுக்களின் பொறுப்பு அவருக்கு! இது சரியல்ல என்று துணை ஆயர் ஜான் டார்சி அந்த டிசம்பரிலேயே லாவுக்கு எழுதினார். அதுவும் கோப்புக்குள் போனது. 1989-ல் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, திரும்பவும் அதே பங்குக்கே கொண்டுவந்தார்கள். 1996-ல் கேகன் ஓய்வு பெற்றபோது, அவருடைய ஊழியத்தைப் பாராட்டிக் கடிதம் எழுதியவரும் இதே லாதான். அதற்குள் அவர் கர்தினால்.

2002 ஜனவரியில் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. மூடி வைத்திருந்த ஆவணங்களைத் திறக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் சபையின் கடிதங்களே மக்கள் கண்ணில் பட்டன. கேகன் ஒருவர் மட்டுமல்ல. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் குறைந்தது 70 குருக்கள் மீதான புகார்களைச் சபை பணம் கொடுத்துச் சத்தமில்லாமல் முடித்திருந்தது.

இங்கே வழக்கமாகச் சில சமாதானங்கள் சொல்லப்படும்.

"குணமாகிவிட்டார் என்று டாக்டர்கள் சொன்னார்கள், நம்பினோம்." சரி, நம்பியிருக்கட்டும். அப்படியானால் புதிய பங்கு மக்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? பாதிக்கப்பட்டவர்களிடம் ரகசிய ஒப்பந்தம் எதற்கு? கூசாமல் செய்த காரியத்தை யாரும் ஒளித்து வைப்பதில்லை.

"இது சபையின் எதிரிகள் செய்கிற சதி." 2002 டிசம்பரில் லா பதவி விலக வேண்டும் என்று கையெழுத்திட்டவர்கள் அதே மறைமாவட்டத்தின் 58 குருக்கள். அவர்களும் எதிரிகளா?

"மன்னிப்பதுதான் கிறிஸ்தவம்." மன்னிக்கும் உரிமை அந்தச் சிறுவர்களுக்கு உண்டு. அவர்கள் சார்பில் மன்னிப்பு வழங்க எந்த ஆயருக்கும் அதிகாரம் கிடையாது. பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பரிகாரம் என்று ஒன்று இருக்கிறதே!

மாசசூசெட்ஸ் மாநில அட்டர்னி ஜெனரல் 2003 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் 789 பேரின் புகார்கள் இருந்தன. குற்றம் சாட்டப்பட்ட குருக்களும் சபை ஊழியர்களும் 250 பேர். ஆனால் மூடி மறைத்த தலைமை மீது ஒரு கிரிமினல் வழக்குகூட இல்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் அதற்கு இடமில்லையாம். குழந்தைகள் மீதான கொடுமை தெரிந்தால் அரசுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை, அந்த மாநிலத்தில் 2002-ல்தான் குருக்களுக்கும் விதிக்கப்பட்டது.

சட்டம் விட்டுவிட்டது, சபை என்ன செய்தது? கேகன் சிறைக்குப் போனார், 2003-ல் அங்கே இன்னொரு கைதியின் கையால் செத்தார். பாதிக்கப்பட்ட 552 பேருக்காக மறைமாவட்டம் 8.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. லா? 2002 டிசம்பரில் ராஜினாமா செய்தார். 2004-ல் ரோமின் பெரிய ஆலயங்களில் ஒன்றான புனித மரியா பேராலயத்துக்குத் தலைமைக் குருவானார். 2005-ல் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டார். 2017-ல் இறந்தபோது புனித பேதுரு பேராலயத்தில் அடக்கப் பூசை, கடைசி ஆசீர் போப் பிரான்சிஸின் கையால். பாஸ்டனில் பாதிக்கப்பட்டு இப்போது நாற்பது, ஐம்பது வயதிலிருக்கும் ஒருவர் இதை டிவியில் பார்த்து என்ன நினைத்திருப்பார்?

2002-ல் அமெரிக்க ஆயர்கள் டாலஸ் நகரில் கூடிக் கடுமையான விதிகள் கொண்டுவந்தார்கள். குருக்களுக்கும் தியாக்கோன்களுக்கும் பொருந்தும் அந்தத் தண்டனை விதியில் ஆயர்கள் இல்லை! ஆயர்களை விசாரிக்க வத்திக்கான் தனி நடைமுறை கொண்டுவர 2019 வரை ஆனது. அதிலும் பெரும்பாலும் ஓர் ஆயரை விசாரிப்பவர் இன்னொரு பேராயர்தான்.

ஒரு குரு தவறினால் அது அவருடைய பாவம். தெரிந்தே அவரை அடுத்த பங்குக்கு மாற்றும் உத்தரவில் விழுகிற கையெழுத்து நிர்வாகத்தின் குற்றம். அதை விசாரிக்க வேண்டியது போலீசும் நீதிமன்றமும். கோப்புகளை நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் ஒப்படைக்க வேண்டும், மறைத்த ஆயர் சட்டத்தின் முன் நிற்க வேண்டும். அதுவரை சபை கேட்கும் மன்னிப்பெல்லாம் வெறும் அறிக்கைதான்.