பேச்சுக்கு இடம் விடுங்கள்

ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் காதைக் கொடுத்தால் ‘கேக்குதா? ஹலோ, கேக்குதா?’ என்ற கத்தல்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனோடு ஒரு அம்மா வீடியோ காலில் பேசுகிறார். அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நிற்கிறது. டவர் மட்டும் முழுசாகக் காட்டுகிறது.

அதே நேரத்தில் தெருவே கிரிக்கெட்டும் சினிமாவும் பார்க்கிறது. படம் அரை நிமிஷம் முன்னதாகவே இறக்கிவைத்துக்கொண்டு ஓடும். தாமதம் அதற்கு ஒன்றுமில்லை. பேச்சு காத்திருக்குமா? சொன்னது மறுமுனைக்கு 150 மில்லிசெகண்டுக்குள் போனால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எப்போதோ சொல்லிவிட்டது.

வழி தெரியாத விஷயமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். 4ஜி வகுத்தபோதே டேட்டாவை வகை பிரித்து எல்லாம் எழுதிவிட்டார்கள். 1-ஆம் வகை, போன் பேச்சு: கொள்ளளவு உறுதி, 100 மில்லிசெகண்டுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். 2-ஆம் வகை, முகம் பார்த்துப் பேசும் வீடியோ: அதற்கும் உறுதி உண்டு. சாதாரண இணையத்துக்கு 9-ஆம் வகை: மிச்சம் இருந்தால் கிடைக்கும். நெரிசலிலும் வோல்ட்இ என்கிற 4ஜி போன் அழைப்பு தெளிவாகக் கேட்பது இதனால்தான். இத்தனைக்கும் குரலுக்கு விநாடிக்குச் சுமார் 13 கிலோபிட் போதும்.

ஆனால் வெளிநாட்டுக்குப் பேச நிமிஷக் கணக்கில் காசு கேட்டால் ஜனங்கள் வாட்ஸ்அப்புக்குத்தானே போவார்கள்? அந்தப் பேச்சு 9-ஆம் வகையில், சினிமாவோடு சேர்ந்து முட்டி மோதுகிறது. அதுவும் அம்மாவின் குரல்தானே!

ரயிலில் போனால் இன்னும் மோசம். அடுத்த டவரில் இடமில்லாவிட்டால் பாதி வாக்கியத்தில் அறுந்துவிடும். புது அழைப்பு கிடைக்காததைவிட, பேசிக்கொண்டிருப்பது அறுவது கொடுமை. அப்படி டவர் மாறி வருகிறவர்களுக்காக ஒவ்வொரு டவரிலும் சில சேனல்களை ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும் என்று ஹாங், ராப்பபோர்ட் என்ற இருவர் 1986-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஒரு கம்பெனியின் ஆப்புக்கு மட்டும் முன்னுரிமை கொடுக்கச் சொல்லவில்லை. அது இணையச் சமத்துவத்துக்கே விரோதம். எந்த ஆப்பில் பேசினாலும் பேச்சைப் பேச்சாக நடத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். ‘இது பேச்சு’ என்று டேட்டா பாக்கெட்டின் தலைப்பிலேயே குறி போட இடம் இருக்கிறது. வழியில் அதை மதிப்பவர்கள்தான் குறைவு. எல்லாரும் பொய்க்குறி போடுவார்கள் என்று பயமா? ஒரு போனுக்கு இத்தனை கிலோபிட்தான் என்று அளவு வையுங்கள். அந்தச் சந்துக்குள் புகுந்து யார் சினிமா பார்க்க முடியும்?